வெள்ளகவி வழி

எங்கள் தாத்தாவின் பேரேடுகள் நாலு என்னிடம் இருக்கின்றன. சிவப்புத் துணி அட்டை போட்ட, நீளவாக்கில் திறக்கிற நோட்டுகள். ஒன்றின் ஓரத்தைக் கறையான் தின்றுவிட்டது. மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. திறந்தால் இன்றைக்கும் லேசாகப் புகை வாசனை அடிக்கும். மேல்மலைக்காரர்கள் பூண்டைத் தாளோடு முடிச்சுப் போட்டு, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகையில்தான் காயவைப்பார்கள். அந்த மூட்டைகளுக்கு நடுவே இருபது முப்பது வருஷம் கிடந்த நோட்டு அது.

எங்கள் ஊர் வடுகபட்டி. பெரியகுளத்துக்குப் பக்கம். வியாழனும் ஞாயிறும் பூண்டுச் சந்தை கூடும். தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறையாகக் கமிஷன் கடை. தாத்தாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சரக்கு எந்த ஊர்ப் பூண்டு, எத்தனை பொதி என்று எழுதிவிட்டு, அது எந்தப் பாதையில் வந்தது என்பதையும் ஒரு சொல்லில் குறித்துவைப்பார். கூலி பாதையைப் பொறுத்தது என்பதால் அது கணக்குக்குத் தேவைப்பட்டது. அவர் ஏட்டில் மூன்று சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: ‘வெள்ளகவி வழி’, ‘தோப்பு வழி’, ‘லாரி’. பழைய ஏட்டில் முதல் சொல் பக்கத்துக்கு ஏழெட்டு இடத்தில் இருக்கிறது. கடைசி ஏட்டில் லாரி, லாரி, லாரி என்றே போகிறது. ‘வெள்ளகவி வழி’ கடைசியாக வருவது 1954 தை மாதத்தில். அந்த வரியின் ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: ‘கூலி பாக்கி 7-8-0’. ஏழு ரூபாய் எட்டணா.

இப்போது வெள்ளகவியைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘ரோடு இல்லாத ஊர்’, ‘வெளியுலகமே அறியாத மலைக்கிராமம்’ என்றுதான் தொடங்குகிறார்கள். படிக்கிறபோதெல்லாம் எனக்கு மனசு ஒப்புவதில்லை. கொடைக்கானல் என்று ஓர் ஊர் உண்டாவதற்கு முன்பே வெள்ளகவி இருந்தது. அந்த மலையை அளக்க வந்த முதல் வெள்ளைக்காரர் தங்கியதும் வெள்ளகவியில்தான். அந்த ஊர் கீழ்நாட்டுக்கும் மேல்மலைக்கும் நடுவே வாசல்படியாக இருந்தது. வாசலை வேறு பக்கம் மாற்றி வைத்தவர்கள் நாம். அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழனிமலையை எங்கள் பக்கத்து ஆட்கள் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, பாச்சலூர் எல்லாம் கீழ்மலை. வாழையும் காப்பியும் விளைகிற பக்கம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால், பூண்டி, போளூர், கிளாவரை எல்லாம் மேல்மலை. குளிருக்குப் பயந்து கீழ்நாட்டார் அவ்வளவாக ஏறாத பக்கம். ஆனால் ஆள் இல்லாத காடாக அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பளியரும் புலையரும் அங்கே நெடுங்காலத்துக் குடிகள். அவர்களுக்குப் பிறகு, நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து குன்னுவர் ஏறி வந்தார்கள் என்பது அவர்களே வழிவழியாகச் சொல்லும் கதை. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, ஓடைத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி, நெல்லும் பூண்டும் போட்டவர்கள் அவர்கள். பூம்பாறையை மேலே ரோட்டில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் படிக்கட்டு வயல்கள் தெரிந்திருக்கும். ஊர் நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். அந்தச் சிலையும் பழனிச் சிலை மாதிரி போகர் செய்தது என்பது ஊர்ச்சொல்.

இவர்களுக்கெல்லாம் முந்தியவர்கள் கல்லில் அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தாண்டிக்குடியிலும் பெருமாள்மலைப் பக்கத்திலும் பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் போட்ட கல்திட்டைகள் இருக்கின்றன. செண்பகனூர் சேசு சபைக் குருமடத்தில் இருந்த ஆங்கிலேட் பாதிரியார் அவற்றைத் தேடி நடந்து, நியூட்டன் பாதிரியாரோடு சேர்ந்து எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. கல்திட்டை இருக்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் ஆள் நடந்த இடம். மலைக்குப் பாதை புதிது இல்லை.

பாதை என்று நான் சொல்வது எங்கள் பக்கத்துப் பாதையை. பெரியகுளத்திலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டரில் கும்பக்கரை அருவி. அங்கிருந்து மலை நேராக எழும்பி நிற்கும். பெரியகுளத்துக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,800 மீட்டர். அதை வளைந்து சுற்றாமல், முதுகுத்தண்டில் ஏறுவதுபோல ஏறுகிற தடம் அது. ஏறினால் வெள்ளகவி. அதற்கும் மேலே ஏறினால் இப்போது டால்பின் நோஸ் என்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்ளும் பாறை. அதைத் தாண்டி வட்டக்கானல். ஊர்க்காரர்கள் ‘வெள்ளகெவி’ என்று அழுத்திச் சொல்வார்கள். கெவி என்றால் பள்ளம், மலையிடுக்கு. பேர் அந்த இடத்துக்குப் பொருத்தம்.

1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற அளவைக்காரர் பெரியகுளத்திலிருந்து இந்த மலையை அளக்க ஏறினார். வெள்ளகவிதான் அவருடைய இருப்பிடம். அங்கே தங்கி, அங்கிருந்து மேலே போய், இப்போது கொடைக்கானல் இருக்கிற மேட்டுநிலத்தைப் பார்த்தார். அப்போது அங்கே ஏரி கிடையாது, பங்களா கிடையாது. புல்லும் சோலையும்தான். வெள்ளகவியிலோ வீடு இருந்தது, வெள்ளாமை இருந்தது, வழிகாட்டத் தெரிந்த ஆள் இருந்தார்கள். வார்டு புதிதாக ஒரு பாதையைக் கண்டுபிடிக்கவில்லை. குன்னுவர் தங்கள் கால்நடையோடு ஏறி இறங்கிய தடத்தில் அவர் நடந்தார்.

அதற்குப் பிறகுதான் வாசல் முதல் தடவை மாறியது. 1834-ல் மதுரை சப் கலெக்டர் ராட்டனும் ரெவின்யூ போர்டைச் சேர்ந்த காட்டனும் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறிப் போனார்கள். அடுக்கம் கணவாயின் உச்சியில், செண்பகனூரில், சின்ன பங்களா ஒன்று கட்டினார்கள். 1836-ல் தாவரங்களை ஆராய ராபர்ட் வைட் ஏறினார். கொடைக்கானல் ஊராக ஆனதற்குக் காரணம் காய்ச்சல். அமெரிக்க மதுரை மிஷன் யாழ்ப்பாணத்தில் இருந்த மிஷனின் கிளையாக 1834-ல் வந்தது. வந்த பாதிரிமார் குடும்பங்களில் மனைவியும் குழந்தைகளும் காய்ச்சலிலும் காலராவிலும் அடுத்தடுத்துச் செத்தார்கள். முதலில் சிறுமலையில் பங்களா போட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1845-ல்தான் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டினார்கள். உயிருக்குத் தப்பி ஏறிய ஊர் அது. ஏரியை 1863-ல் லெவிஞ்ச் துரை வெட்டினார். உல்லாசம் அதற்கும் பிறகு வந்தது.

ஊர் செண்பகனூர்ப் பக்கம் வளர்ந்ததால் பாதையும் அந்தப் பக்கம் திரும்பியது. பெரியகுளத்துக்கு வடக்கே, மலையடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அதுதான் என் தாத்தா ஏட்டில் வருகிற ‘தோப்பு’. அங்கிருந்து செண்பகனூர் வழியாகக் கொடைக்கானல் பன்னிரண்டு மைல். வெள்ளைக்காரர்கள் அந்தத் தடத்துக்கு வைத்த பேரே ‘கூலி காட்’. சுமப்பவர்களின் பேரால் அழைக்கப்பட்ட மலைப்பாதை.

1875-ல் ரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில் இறங்கவேண்டும். ‘கொடைக்கானல் ரோடு’ என்று பேர் போட்ட ஸ்டேஷன் அதுதான். இறங்கினவுடன் கொடைக்கானல் வந்துவிடாது. மாட்டுவண்டியில் ராத்திரி முழுக்க முப்பது மைலுக்கு மேல் உருண்டு, விடியற்காலம் தோப்புக்கு வந்து சேரவேண்டும். வெயில் ஏறுவதற்குள் மலை ஏறத் தொடங்கிவிட வேண்டும். ஆண்கள் குதிரையில். பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும் டோலியிலோ, கம்பு கட்டிய நாற்காலியிலோ. பெட்டி, படுக்கை, பாத்திரம், கோழிக்கூடு எல்லாம் தலைச்சுமை. ஒரு குடும்பம் கோடைக்கு ஏறினால் அதன் பின்னால் ஒரு படை ஏறியது என்று தாத்தா சொல்வார். அவருடைய சிறுபிராயத்தில் பெரியகுளத்துச் சேரிகளில் பங்குனி பிறந்தால் தோப்புக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும் ஆட்கள் இருந்தார்களாம். ‘துரைமார் சீசன்’ முடிந்துதான் வீடு திரும்புவார்கள்.

சூரிய ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. 1899-ல் கொடைக்கானலில் அந்த ஆய்வுக்கூடம் வந்தது. சென்னையிலிருந்து கருவிகளும் ஆட்களும் அங்கே மாறினார்கள். 1904-ல் சூரியனை ஒற்றை நிறத்தில் படமெடுக்கும் பெரிய கருவி பொருத்தப்பட்டது. 1909-ல் எவர்ஷெட் அங்கே உட்கார்ந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகம் அதை இன்றும் அவர் பேரால் சொல்கிறது. இவை நடந்த வருஷங்களில் மேலே போக மோட்டார் ரோடு கிடையாது. கண்ணாடி வில்லைகள், இரும்புக் குழாய்கள், தட்டு தட்டாகப் படச்சில்லுகள் எல்லாமே பன்னிரண்டு மைல் ஏறித்தான் போயிருக்கவேண்டும். கண்ணாடிப் பெட்டியைத் தலையில் வைத்து, சும்மாட்டை அழுத்தி, ஈரப் பாறையில் கால் வழுக்காமல் ஏறிய ஆளின் கழுத்தும் அந்தக் கண்டுபிடிப்பில் சேர்த்திதான்.

சும்மாடு என்றதும் சுமைதாங்கி நினைவு வருகிறது. எங்கள் பக்கத்துப் பழைய வழிகளில் அது இருக்கும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். நிற்கிற ஆளின் தோள் உயரம். தனியாக வருகிறவன் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் சரித்துவிட்டு மூச்சு வாங்கலாம். தரையில் இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டுமே. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே செத்துப்போன பெண்ணுக்காக அந்தக் கல்லை நடுவது வழக்கம். அவள் இறக்கிவைக்காமல் போன பாரத்தை வழிப்போக்கர் ஒவ்வொருவராக இறக்கிவைக்கட்டும் என்று. வேறு எந்த நினைவுச் சின்னத்தையும் நான் இதற்கு இணையாகச் சொல்லமாட்டேன்.

வாசல் இரண்டாம் தடவை மாறியது ரோட்டினால். 1870-களிலேயே லா என்ற ராணுவ அதிகாரி வத்தலக்குண்டுப் பக்கமிருந்து சுற்றி ஏறும் வண்டிப்பாதைக்குத் தடம் போட்டார். வேலை பாதியில் நின்று பல வருஷம் கிடந்தது. 1914-ஐ ஒட்டிய வருஷங்களில்தான் அது மோட்டார் போகிற ரோடாகக் கொடைக்கானல் வரை எட்டியது. இன்று நாம் பஸ்ஸில் ஏறுகிற ரோடு அதுதான். ரோடு வந்ததும் தோப்பு ஓய்ந்தது. பெரியகுளம் வழியாகப் போன பிரயாணிகள் வத்தலக்குண்டு வழியாகத் திரும்பினார்கள். ராஜம் ஐயரையும் சி.சு. செல்லப்பாவையும் தமிழுக்குக் கொடுத்த வத்தலக்குண்டு மலையின் பஸ் ஸ்டாண்டாக ஆனது இப்படித்தான். டோலி தூக்கினவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள் என்று தாத்தாவைக் கேட்டிருக்கிறேன். ‘நஞ்சைக்குக் கூலிக்குப் போனாக. சில பேரு கண்டிக்குக் கப்பலேறுனாக’ என்றார். கண்டி என்றால் இலங்கைத் தோட்டங்கள். ஒரு மலையில் சுமை நின்றுபோனவர்கள் இன்னொரு மலைக்குச் சுமக்கப் போனார்கள்.

ஆனால் பூண்டு உடனே ரோட்டுக்கு மாறவில்லை. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு சுற்றிப் பெரியகுளம் வர எண்பது கிலோமீட்டர் போல ஆகும். லாரி வாடகை கட்டுப்படியாகாது. வெள்ளகவி வழியாக நேரே இறக்கினால் ஒரு பகல். மேல்மலைப் பொதிகளை வட்டக்கானல் வரை ஒருவர் கொண்டுவருவார். அங்கிருந்து வெள்ளகவிக் குதிரைக்காரர்கள் எடுத்துக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குவார்கள். திரும்பும்போது உப்பு, மண்ணெண்ணெய், கருவாடு, துணி. ரோடு வந்த பிறகும் நாற்பது வருஷம் அந்தப் பாதையைப் பிழைக்கவைத்தது பூண்டு. அப்புறம் மேல்மலை ஊர்களுக்கும் ரோடு போய், வியாபாரியே லாரியைக் கொண்டுபோய் வயலோரம் நிறுத்தினார். தாத்தாவும் அதைத்தான் செய்தார்.

1988-ல் நான் முதல்முறை வெள்ளகவிக்கு ஏறினேன். அதற்கு முந்தின வருஷம் அப்பா தவறிவிட்டார். இறப்பதற்குச் சில நாள் முன்பு, அந்த ஏழு ரூபாய் எட்டணாவைச் சொல்லி, ‘அப்பா குடுக்காம விட்டுட்டாரு, நானும் விட்டுட்டேன், நீ போய்க் குடுத்துரு’ என்றார். தை மாதம் கடைசி வாரம். பனி விலகியிருந்தது. கும்பக்கரையில் விடிய ஐந்தரைக்கு நடக்கத் தொடங்கினேன். துணைக்கு வந்தவர் சந்தைக்கு இறங்கித் திரும்பும் குதிரைக்காரர். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டேன்.

அவர் பொதி ஏற்றுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதுகில் வைக்கோல் திணித்த மெத்தை, அதன்மேல் சாக்கு. இந்தப் பக்கம் ஒரு மூட்டை, அந்தப் பக்கம் ஒரு மூட்டை. ஒரு பக்கத்துக்கு முப்பது முப்பத்தைந்து கிலோ. தராசு கிடையாது. கையை மூட்டைக்கு அடியில் கொடுத்து ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார். ஒரு பக்கம் கனம் குறைந்தால் ஓடையிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சாக்கின் வாயில் சொருகுவார். ‘ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லேன்னா, எறக்கத்துல கயிறு ஒரு பக்கமா இழுக்கும். முதுகு புண்ணாயிரும். புண்ணான குதிரை ஒரு மாசம் சும்மா நிக்கும்ண்ணே’ என்றார். மூத்தவர் என்னை அண்ணே என்றது எனக்குக் கூச்சமாக இருந்தது. மண்டிக்காரர்கள் எல்லாரும் அவர்களுக்கு அண்ணன்தான்.

முதல் இரண்டு மணி நேரம் வெப்பக்காடு. இலையுதிர்த்த மரங்கள், சூடேறும் பாறை. அப்புறம் நிழல் கூடும், காற்று மாறும், காப்பிச் செடிகள் தட்டுப்படும். பாதையின் பெரும்பகுதியில் கல் பாவியிருக்கிறது. குளம்பு பட்டுப் பட்டு நடுவில் குழிந்து, மழமழவென்று ஆகிப்போன கற்கள். அந்தக் குழிவில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

ஊர் எல்லையில் குதிரைக்காரர் என் செருப்பைக் கழற்றச் சொன்னார். அவர் முதலிலேயே வெறுங்கால்தான். வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் முழுக்கக் கோயில். வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே தனித்தெரு என்று ஒன்றில்லை, சுவரும் சுவரும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அதனால் ஊரே சந்நிதி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். காலை வெயிலில் முற்றங்களில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. திண்ணையில் பட்டர் ஃப்ரூட் கூடைகளை வைக்கோல் போட்டு மூடியிருந்தார்கள்.

ஏட்டில் இருந்த குதிரைக்காரர் இறந்து வெகு நாளாகியிருந்தது. அவர் மகள் இருந்தார். அறுபது வயசு இருக்கும். வாசலில் மண்சட்டியில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். நான் பேரேட்டையே பையில் கொண்டுபோயிருந்தேன். விரித்து அந்த வரியைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அவர் அப்பா பேர் எந்த எழுத்து என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு நான் இருநூறு ரூபாயைக் கொடுத்தேன். மறுக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. எண்ணிப் பார்த்து முந்தியில் முடிந்துகொண்டார். கணக்கைக் கணக்காக வாங்கிக்கொண்ட அந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் கேட்டார். ‘கூலி கெடக்கட்டும்யா. அதுக்கப்புறம் ஏன் எங்களுக்குப் பொதி குடுக்கல?’

நான் லாரியைச் சொன்னேன். மேல்மலைக்கு ரோடு போனதைச் சொன்னேன். வாடகை குறைந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ‘எங்கப்பாரு ரெண்டு சந்தைக்குக் குதிரையோட வந்து ஒங்க கடை வாசல்ல காத்துக் கெடந்துட்டுத் திரும்புனாராம்’ என்றார். ‘வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நடந்திருக்க மாட்டாருல்ல.’

எங்கள் பேரேட்டில் அந்த இரண்டு நாளும் இல்லை. சரக்கு வராத நாளைத் தாத்தா எழுதமாட்டார்.

அன்று இரவு அங்கே தங்கினேன். இருட்டினதும் கீழே பெரியகுளத்து விளக்குகள் தெரிந்தன. மேலே கொடைக்கானல் விளக்குகள். நடுவில் ஊரில் அரிக்கேன் விளக்கு. கோக்கர்ஸ் வாக் என்று கொடைக்கானலில் ஒரு நடைபாதை உண்டு. கோக்கர் என்ற லெப்டினன்ட் 1872-ல் மலை விளிம்பில் போட்டது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கம்பியைப் பிடித்து நின்று கீழே பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கிற அந்தப் பள்ளத்தாக்குச் சரிவில்தான் வெள்ளகவி இருக்கிறது. அன்றைக்கு நான் கீழேயிருந்து அந்த விளிம்பைப் பார்த்தேன்.

பாதை போனால் ஊர் ஒதுங்கிப்போவது வெள்ளகவிக்கு மட்டும் நேர்ந்ததில்லை. எங்களுக்குத் தெற்கே போடி மலையில் பாருங்கள். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். போடி வழியாகத் தூத்துக்குடி போய்க் கப்பலேறும். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவில்லை. ஒரு காலத்தில் சீமைக்குத் தேயிலை இறங்கிய கொட்டகுடியை இப்போது குரங்கணிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊராகத்தான் பலருக்கும் தெரியும். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறு போன ரோடும் 1990-ல் மூடப்பட்டது. கிளாவரையோடு பஸ் நின்றுவிடும். மேல்மலைப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் பூண்டு நடந்துவந்த வழிக்கு அப்படி எந்தக் குறியீடும் இல்லை.

2009 ஐப்பசியில் இரண்டாம் தடவை ஏறினேன். அந்த அம்மா அப்போது இல்லை. பேரன் குதிரைகள் வைத்திருந்தான். இரண்டு நாள் இருந்துவிட்டு இறங்குகிற காலையில் ஊருக்குள் பரபரப்பு. ஒரு பெண்ணுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். விடியற்காலத்தில் நினைவு தப்பியிருக்கிறது. நீளமான மூங்கில் ஒன்றில் கம்பளியைத் தூளி மாதிரி இரண்டு முனையிலும் முடிந்தார்கள். அவரை உள்ளே படுக்கவைத்து, வெயில் படாமல் மேலே ஒரு சேலை. எட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். மற்றவர்கள் மாற்று ஆள். பேரன் என்னைப் பார்த்து, ‘தாத்தா, நீங்க முன்னாடி நடங்க, நாங்க வேகமா வருவோம்’ என்றான். நடந்தேன். கால் மணி நேரத்தில் என்னைத் தாண்டிவிட்டார்கள்.

பாதி வழியில் சமமான இடம் ஒன்று வரும். அங்கே ஆள் மாற்ற நின்றார்கள். இரண்டு பேருக்குத் தோள் கன்றிப்போயிருந்தது. நான் கேட்காமலே மூங்கிலுக்கு அடியில் தோளைக் கொடுத்தேன். நாலு எட்டு வைத்ததும் தூளி ஆடத் தொடங்கியது. முன்னால் இருந்தவன் திரும்பாமலே சொன்னான்: ‘நான் வலது கால் வைக்கும்போது நீங்க இடது கால் வைக்கணும். ரெண்டு பேரும் ஒரே கால் வச்சா ஆடும்.’ மாற்றி வைத்தேன். ஆட்டம் நின்றது. மூங்கில் வளைந்து வளைந்து நிமிர்ந்தாலும் உள்ளே இருந்தவர் அசையவில்லை. நூறு அடி தூரம் இருக்கும், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கூலி காட்டில் டோலி தூக்கினவர்களும் இப்படித்தான் கால் மாற்றி வைத்திருப்பார்கள். வடுகபட்டிப் பக்கத்தில் யாருக்கும் இப்போது அது தெரியாது. வெள்ளகவிக்காரனுக்குத் தெரியும், தெரிந்தாகவேண்டும்.

கும்பக்கரைக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. 108 வண்டி காத்திருந்தது. தூளியை அவிழ்க்காமல் அப்படியே உள்ளே ஏற்றினார்கள். கூட ஒருவர் ஏறிக்கொண்டார். வண்டி போனதும் மற்றவர்கள் ஓடைத் தண்ணீரில் முகம் கழுவி, பாறையில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்துப் பேரன் போன் செய்து சொன்னான்.

அன்றைக்கு அவர்கள் வெகுநேரம் உட்காரவில்லை. சாயங்காலம் பாதையில் காட்டுமாடு நிற்கும், வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிட வேண்டும். புறப்படும்போது பேரன் என்னிடம் வந்தான். ‘தாத்தா, ஆட்டோவுல போய்க் கடையில ஒரு மூட்டை உப்பு எடுத்துத் தர முடியுமா? காசு நான் தாரேன். மூங்கி சும்மா இருக்கு, வெறுந்தோளோட ஏறவேண்டாம்’ என்றான்.

இரண்டு மூட்டை வாங்கிவந்தேன். மூங்கிலின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று கட்டினார்கள். பேரன் மூட்டைகளுக்கு அடியில் கையைக் கொடுத்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். முன்பக்கம் கொஞ்சம் குறைந்தது போலிருக்கிறது. ஓடையில் குனிந்து ஒரு கல்லை எடுத்துத் துடைத்து, சாக்கின் வாயில் சொருகினான்.